மதிய ஷிப்டுக்கு ஆள் இருக்கு

அந்தச் சலவைக் கூடத்தில் அவளுக்குப் பெயர் பாய்லரக்கா. அவள் புருஷனுக்குப் பெயர் பாய்லர் மாமா. நியாயமாகப் பார்த்தால் அவர்தான் அங்கே அவளுக்குப் பதினோரு வருஷம் முன்னால் வந்தவர். அவள் வரும்வரை எல்லோரும் அவரை மரியாதையாக சார் என்றுதான் கூப்பிட்டார்கள். அவள் வேலைக்கு வந்த இரண்டாம் மாதமே இஸ்திரி உருளையில் நிற்கும் பெண்கள் அவளை அக்கா என்று ஆரம்பித்துவிட்டார்கள். அக்கா புருஷன் மாமாதானே? முறை அவள் பக்கத்திலிருந்து போய்விட்டதில் மனுஷனுக்கு உள்ளுக்குள் ஒரு வருத்தம் உண்டு. ஆனால் வாயில் விரலை வைத்தாலும் கடிக்கத் தெரியாதவர், என்ன சொல்லிவிடப்போகிறார்?

நாலு ஆஸ்பத்திரித் துணியும் ரெண்டு ஹோட்டல் துணியும் அங்கே வந்து விழும். விரிப்பு, தலையணை உறை, பச்சை அங்கி, துண்டு. துவைக்கிற எந்திரத்துக்கும் காயவைக்கிற எந்திரத்துக்கும் இஸ்திரி உருளைக்கும் வேண்டிய நீராவி அத்தனையும் பின்பக்கத் தகரக் கொட்டகையில் இருக்கும் ஒரு பாய்லரிலிருந்துதான் போகவேண்டும். காலை ஆறிலிருந்து இரண்டு வரை அவர் பார்ப்பார். இரண்டிலிருந்து பத்து வரை அவள். ஒன்பது வருஷமாக இப்படித்தான். ஒரே வீட்டில் குடியிருந்தாலும் இரண்டு பேரும் முகம் பார்த்து நிதானமாகப் பேசுவது மதியம் இரண்டு மணிக்கு அந்தக் கொட்டகையில்தான். அவள் கொண்டுவரும் சாப்பாட்டு டப்பாவை வெந்நீர்த் தொட்டியின் மூடிமேல் வைத்தால் ஐந்தே நிமிஷத்தில் சூடாகிவிடும். சில நாள் அவரே காலையில் நாலு உருளைக்கிழங்கை ஈரத்துணியில் சுற்றி ஆவிக் குழாய்மேல் வைத்திருப்பார். உப்பும் மிளகும் தூவி இரண்டு பேரும் பெஞ்சில் உட்கார்ந்து சாப்பிடுவார்கள். அப்புறம்தான் பொறுப்பு மாற்றுவது.

பாய்லர்க்காரர்களுக்கு அதில் ஒரு கறாரான வழக்கம் உண்டு. வருகிற ஆள் போகிற ஆளின் வார்த்தையை நம்பக் கூடாது. தண்ணீர் மட்டம் காட்டும் கண்ணாடிக் குழாயில் அடைப்பு இருந்தால் உள்ளே தண்ணீர் இல்லாமலே இருக்கிற மாதிரி காட்டும். அதனால் வருகிறவர் குழாயைத் திறந்து இருக்கிற தண்ணீரை வெளியே விட்டு, அது புதிதாக ஏறி வருவதைத் தன் கண்ணால் பார்த்த பிறகுதான் பதிவேட்டில் கையெழுத்துப் போட வேண்டும். முதல் வருஷம் அவள் அப்படிச் செய்தபோது அவர் முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டார்.

“நான் இப்பத்தானே பார்த்தேன்? என்மேல நம்பிக்கை இல்லையா?”

“நீங்க பார்த்தது உங்க ஷிப்டுக்கு” என்றாள் அவள்.

அவள் அப்படித்தான். அந்த வேலையை அவரிடம்தான் கற்றுக்கொண்டாள். ஆனால் பரீட்சை எழுதி டிக்கெட் வாங்கியது அவள் தலையால். பாய்லர் ஓட்டுகிறவருக்கு அரசாங்கம் கொடுக்கும் உரிமத்துக்கு அங்கே டிக்கெட் என்று பெயர். அதைச் சுவரில் கண்ணாடி போட்டு மாட்டியிருந்தாள். கல்யாணப் படம்கூட அந்த வீட்டில் அலமாரிக்குள்தான் கிடக்கிறது.

அந்த டிக்கெட்டைப் புதுப்பிக்கப் போனபோதுதான் வந்தது வினை. வழக்கமான உடல் பரிசோதனையில் ரத்தத்தில் ஏதோ சரியில்லை என்று ஒரு சின்ன டாக்டர் பெரிய ஆஸ்பத்திரிக்கு அனுப்பினார். அங்கே ரத்த நோய்களுக்கென்று இருந்த டாக்டரம்மா மூன்று தடவை வரவழைத்து, எலும்பையெல்லாம் படம் எடுத்துப் பார்த்துவிட்டு, இரண்டு பேரையும் உட்காரவைத்துப் பேசினார்.

“எலும்புக்குள்ள மஜ்ஜை இருக்குல்ல, அதுல ஒரு வகை அணு தேவையில்லாத ஒரு புரதத்தைச் செஞ்சு ரத்தத்துல விடுது. இதுக்கு எம்.ஜி.யு.எஸ்.னு பேரு. இது கேன்சர் இல்லம்மா. கேன்சரா மாறலாம். மாறாமலே காலம் முழுக்கப் போகலாம். இப்படி நூறு பேர் இருந்தா வருஷத்துக்கு ஒருத்தருக்கு மாறுது. மிச்சம் தொண்ணூத்தொன்பது பேரும் அந்த வருஷத்தச் சும்மா கடந்து போறாங்க.”

“அந்தப் புரதத்த நிறுத்துறதுக்கு வால்வு கிடையாதுங்களா?” என்று கேட்டார் பாய்லர் மாமா.

டாக்டரம்மாவுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. “கிடையாதுங்க. இப்போதைக்கு மருந்தும் கிடையாது, தேவையும் இல்ல. ஆறு மாசம் கழிச்சு மறுபடி ரத்தம் எடுத்துப் பார்ப்போம்.”

“பார்த்து?”

“பார்த்துட்டே இருப்போம்.”

“பார்த்துட்டே இருக்கிறதுக்கா இவ்வளவு படிச்சீங்க?” என்று அவர் கேட்டே விட்டார். வாயில்லாப் பூச்சிக்கு அன்றைக்குப் பார்த்து வாய் வந்திருந்தது. அவள் மேசைக்கடியில் அவர் தொடையைக் கிள்ளினாள். அவளுக்கு அந்தப் பதில் அவ்வளவு விநோதமாகத் தெரியவில்லை. அவளும் பார்த்துக்கொண்டே இருப்பதற்குத்தானே சம்பளம் வாங்குகிறாள்?

“நான் வேலை செய்யலாமா?” என்பது ஒன்றுதான் அவள் கேள்வி.

“தாராளமா. பாய்லர் சூட்டுக்கும் இதுக்கும் சம்பந்தமே இல்ல. எலும்பு வலி, காரணமில்லாத அசதி, அடிக்கடி காய்ச்சல், இதெல்லாம் வந்தா மட்டும் சொல்லுங்க. இப்ப உங்க அளவு ஒண்ணு புள்ளி ஒண்ணு. மூணைத் தாண்டினா வேற மாதிரி பேசணும்.”

உரிமம் கொடுக்கும் அலுவலகத்தில் ஆறு மாதத்துக்கு மட்டும் தற்காலிகமாக நீட்டித்தார்கள். அடுத்த ரத்த அறிக்கையோடு வரச் சொன்னார்கள்.

அவள் பயப்படவில்லை என்று சொன்னால் அது பொய். முதல் ஒரு மாதம் பயந்து செத்தாள். குளிக்கும்போது விலா எலும்பை ஒவ்வொன்றாக அமுக்கிப் பார்த்தாள். எண்ணெய்ப் பீப்பாயை நகர்த்தி இடுப்பு பிடித்துக்கொண்டால், இதுதானோ அது என்று நினைத்தாள். கொட்டகையில் அழுவது வசதி, பர்னர் இரைச்சலில் தன் அழுகை தனக்கே கேட்காது. ஒருநாள் இடதுபக்க விலாவில் நிஜமாகவே வலித்தது. ஓடிப்போய் டாக்டரம்மாவிடம் காட்டினாள். அவர் பார்த்துவிட்டு, “இங்க கன்னிப்போய் இருக்கே, எதுலயாவது இடிச்சுக்கிட்டீங்களா?” என்றார். அமுக்கி அமுக்கிப் பார்த்ததில் கன்னியிருந்தது. வெளியே வந்து பஸ் நிறுத்தத்தில் நின்றபோது அவளுக்குத் தன்மேலேயே ஆத்திரம் ஆத்திரமாக வந்தது. நோய் ஒன்றும் செய்யவில்லை, தன்னைத் தானே அல்லவா இடித்துக்கொண்டிருக்கிறாள்! அன்றைக்குக் கையை எடுத்தவள்தான், அப்புறம் விலாப்பக்கம் சோப்புப் போடுவதோடு சரி.

ஆனால் அவள் விட்டதை வீடு பிடித்துக்கொண்டது. நாத்தனார் வாரம் ஒருமுறை பழப் பையோடு வந்தாள். அவளுடைய குரல் இயல்பாகவே தெருமுனை வரை கேட்கும். இந்த வீட்டு வாசற்படி ஏறியதும் அது கிசுகிசுப்பாக மாறிவிடும்.

“எப்படி இருக்கீங்க அண்ணி?”

“ஏன், நான் தூங்கிட்டா இருக்கேன்? சத்தமாத்தான் கேளேன்.”

“இல்ல அண்ணி... மனசுல எதையும் வச்சுக்காதீங்க. ஏதாவது ஆசை இருந்தா சொல்லுங்க.”

“ஆசைதானே? இருக்கு. அடுத்த வாரம் பழத்துக்குப் பதிலா ஒரு துடைப்பம் வாங்கிட்டு வா. வீட்டுல இருக்கிறது தேஞ்சுபோச்சு.”

மகள் பல் டாக்டர் ஒருவரிடம் வரவேற்பு மேசையில் வேலை செய்தாள். தினமும் காலை பதினொரு மணிக்கு நோயாளிகளுக்கு நடுவில் போன் போட்டு, “அம்மா, அசதியா இருக்கா?” என்பாள். “இந்தப் போன எடுத்து எடுத்துத்தான்டி அசதியா இருக்கு” என்பாள் இவள்.

எல்லாவற்றையும் மிஞ்சியது புருஷன் செய்த காரியம். ஸ்டோரிலிருந்து ஒரு புதுப் பதிவேட்டைக் கேட்டு வாங்கி வந்தார். பாய்லருக்கு மணிக்கொருமுறை எழுதும் அதே பதிவேடு. அழுத்தம் என்ற தலைப்பை அடித்துவிட்டு எடை என்று எழுதினார். தண்ணீர் மட்டத்தை அடித்துவிட்டுக் காய்ச்சல். புகையின் நிறம் என்ற இடத்தில் முகத்தின் நிறம். தூக்கம், சாப்பாடு, வலி இருந்தால் எந்த இடம் என்று ஒரு கட்டமும் பாக்கியில்லை. கடைசிப் பக்கத்தில் ரத்த அளவுக்கென்று தனியாக ஒரு வரைபடம், அதில் மூன்று என்ற இடத்தில் ஸ்கேல் வைத்துச் சிவப்புக் கோடு. தினமும் அடியில் கையெழுத்து வேறு.

“மஞ்சளா இருக்கா, வெளுப்பா இருக்காடி உன் மூஞ்சி?” என்று ஜன்னல் பக்கம் திருப்பிப் பார்ப்பார்.

“கோவத்துல சிவப்பா இருக்கு, எழுதிக்கங்க.”

அவர் நிஜமாகவே சிவப்பு என்று எழுதினார்.

ஆறு மாதம் முடிந்தது. மழைக்காலம். வெளியே கொடி கட்ட முடியாததால் ஆஸ்பத்திரித் துணி அத்தனையும் எந்திரத்தில்தான் காய்ந்தாக வேண்டும். நீராவி எவ்வளவு போனாலும் பத்தவில்லை என்று இஸ்திரிப் பெண்கள் குழாயைத் தட்டிக்கொண்டே இருந்தார்கள். அந்த மழையில் அவளைப் பெரிய ஆஸ்பத்திரிவரை இழுத்தடிக்க வேண்டாமென்று அவர் பக்கத்திலேயே புதிதாகத் திறந்திருந்த ஒரு பரிசோதனைக் கூடத்தில் ரத்தம் கொடுக்க வைத்தார். மூன்றாம் நாள் சாயங்காலம் அறிக்கையை அவரே போய் வாங்கினார். அவள் அப்போது வேலையில் இருந்தாள். மறுநாள் காலை அவர் ஒரு வாய்கூடத் தின்னாமல் கிளம்பியதைப் பார்த்து அவள் என்ன என்று கேட்டாள். “வயிறு சரியில்ல” என்று சொல்லிவிட்டு ஓடினார்.

மதியம் இரண்டு மணிக்கு அவள் குடையை உதறிக்கொண்டு கொட்டகைக்குள் நுழைந்தால், அவளுடைய ஸ்டூலில் ஒரு புது ஆள் உட்கார்ந்திருந்தான்.

“யாருங்க நீங்க?”

“ரிலீவருங்க. இன்னொரு கிளைல இருந்து அனுப்பினாங்க. மதிய ஷிப்ட பார்த்துக்கச் சொன்னாங்க.”

“மதிய ஷிப்டுக்கு ஆள் இருக்கே, நான்தான்.”

அவன் சங்கடமாகப் பாய்லர் மாமாவைப் பார்த்தான். அவர் வெந்நீர்த் தொட்டியின் மூடியைப் பார்த்துக்கொண்டிருந்தார். “உங்கள மடிப்பு மேசைக்கு மாத்தியாச்சுன்னு சொன்னாங்களேக்கா” என்றான் அவன்.

டப்பாவை வைத்துவிட்டு நேரே மேனேஜர் அறைக்குப் போனாள். மேனேஜர் நல்ல மனுஷன்தான். ஆனால் நாத்தனாரின் கிசுகிசுப்பு அவருக்கும் தொற்றியிருந்தது.

“உக்காருங்கக்கா. மாமா காலைல லெட்டர் கொடுத்துட்டார். மடிப்பு மேசைல ஃபேனுக்கு அடியிலயே இடம் போட்டிருக்கேன். டிக்கெட்ட புதுப்பிக்கவும் வேண்டாம்னுட்டார்.”

“லெட்டர்ல யார் கையெழுத்து?”

“மாமாதான்.”

“டிக்கெட் யார் பேர்ல இருக்கு?”

“அக்கா, உங்க நல்லதுக்குத்தான் எல்லாரும் செய்றோம். ரிப்போர்ட்ல பன்னிரண்டு வந்திருக்காமே. மூணே ஜாஸ்தின்னு மாமா அழுதார்.”

பன்னிரண்டு. நாற்காலியைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தாள். காதுக்குள் பர்னர் எரிகிற மாதிரி இரைந்தது. ஆறு மாதத்தில் ஒன்றிலிருந்து பன்னிரண்டா? அப்படியானால் அந்த நூறில் ஒருத்தி தான்தானா? மகள் கல்யாணத்துக்கு இன்னும் ஒன்றும் செய்யவில்லை, புருஷனுக்குச் சோறு வடிக்கத் தெரியாது, இன்றைக்குத் துணி மூட்டை நாற்பது வந்திருக்கிறது என்று நினைப்பு சம்பந்தமில்லாமல் எங்கெங்கோ ஓடியது. மேனேஜர் தண்ணீர் டம்ளரை நீட்டினார்.

அந்த டம்ளரை அவர் இரண்டு கையாலும் பிடித்து நீட்டிய விதம்தான் அவளை எழுப்பிவிட்டது. ஏதோ உயிர் போகிறவளுக்குக் கடைசித் தண்ணீர் ஊற்றுகிற மாதிரி.

“தண்ணி வேணாம் சார். பேப்பர் வேணும். அது எங்க?”

பேப்பர் புருஷன் பையில், அந்தப் பதிவேட்டுக்குள் இருந்தது. கொட்டகைக்குத் திரும்பி வந்து அவள் கையை நீட்டினாள்.

“கொடுங்க.”

“வேணாம்டி...”

“என் ரத்தம். கொடுங்க.”

எடுத்துக் கொடுத்தார். ரிலீவர் எழுந்து வெளியே போகலாமா என்று யோசித்தான். மழை அடித்துப் பெய்ததால் பாய்லருக்குப் பின்னால் போய் நின்றுகொண்டான். வரைபடத்தில் பென்சில் கோடு சிவப்பைத் தாண்டி, தாளின் விளிம்பையும் தாண்டி, மேலே ஒட்டுப் போட்ட இன்னொரு தாளில் போய் முடிந்திருந்தது. ஒட்டுத் தாளில் ஈரம் பட்டுக் காய்ந்த தடம்.

“எப்ப வந்துச்சு இது?”

“நேத்து சாயங்காலம்.”

“என்கிட்ட சொல்லாம மேனேஜர்கிட்ட எப்படிச் சொன்னீங்க?”

“சிவப்பத் தாண்டினா என்ன செய்யணும்? நீயே சொல்லு. யாரையும் கேட்டுட்டு நிக்கக் கூடாது. முதல்ல நெருப்ப நிறுத்தணும், அப்புறம்தான் ஆளக் கூப்பிடணும். இருபது வருஷமா அதத்தானே செய்றேன்? அந்தச் சூட்டுல இருந்து உன்ன முதல்ல வெளிய எடுத்துடணும்னு தோணுச்சு. வேற ஒண்ணும் தோணல.”

“அது பாய்லருக்குங்க! பாய்லருக்கு வாய் கிடையாது, அதனால கேக்காம நிறுத்துறோம். எனக்கு வாய் இருக்குல்ல? ஒரு வார்த்தை என்னைக் கேட்டா என்ன?”

அவள் பேப்பரைக் கையில் வைத்துக்கொண்டு ஜன்னல் வெளிச்சத்துக்குப் போனாள். அழுவதற்குத்தான் போனாள். ஆனால் ஒன்பது வருஷமாக மணிக்கொருமுறை எண் எழுதிய கண், எண்ணோடு நிற்காமல் அதற்குப் பக்கத்துக்குப் போனது. பன்னிரண்டு, கிராம், ஒரு லிட்டருக்கு. பதிவேட்டுக்குள் பழைய ஆஸ்பத்திரி அறிக்கையும் மடித்து வைத்திருந்தது. அதை எடுத்துப் பிரித்தாள். ஒன்று புள்ளி ஒன்று, கிராம், ஒரு டெசிலிட்டருக்கு.

அவள் இரண்டையும் இரண்டு தடவை படித்தாள். அவசரப்பட்டு ஆசைப்படக் கூடாது என்று தன்னையே அதட்டிக்கொண்டாள்.

“ஒரு லிட்டருக்கு எத்தனை டெசிலிட்டர்?”

“பத்து” என்றான் பாய்லருக்குப் பின்னாலிருந்து ரிலீவர்.

“கேட்டீங்களா? நாலு வருஷம் முன்னாடி பிரஷர் மீட்டர மாத்தினாங்களே, ஞாபகம் இருக்கா? பழைய மீட்டர் பவுண்டு, புதுசு கிலோ. காலைல வந்தீங்க, நூறு காட்டுற இடத்துல முள்ளு ஏழுல நிக்குதுன்னு பார்த்துட்டு, ஆவி எல்லாம் போச்சு, குழாய் வெடிச்சிடுச்சுன்னு கத்திக்கிட்டே ஃபிட்டர் வீடு வரைக்கும் ஓடினீங்க. அவர் துண்டோட வெளிய வந்தாரு.”

பாய்லர் மாமா எழுந்து வந்து பேப்பரை வாங்கினார். உதடு அசைய அசைய ஒவ்வொரு எழுத்தாகப் படித்தார்.

“அப்ப இது...”

“பத்தால வகுங்க. இருங்க, நீங்களும் நானும் சொன்னா போதாது.”

இரண்டு தாளையும் படம் எடுத்து ரத்த டாக்டரம்மாவின் நர்ஸுக்கு அனுப்பிவிட்டு, போனைப் பெஞ்சில் வைத்தாள். டாக்டர் வார்டில் இருக்கிறார், அரைமணி ஆகும் என்று பதில் வந்தது. அந்த அரைமணி நேரம் அவர் நின்ற இடத்தைவிட்டு நகரவில்லை. அவள் சும்மா உட்காரவில்லை. கண்ணாடிக் குழாயின் அடியைத் திறந்து தண்ணீரை வெளியே விட்டாள். புஸ்ஸென்று ஆவி கிளம்பியது. மூடினாள். தண்ணீர் துள்ளி ஏறி, பாதிக்கு மேல் வந்து, லேசாக ஆடிக்கொண்டு நின்றது. பம்ப்பைத் தொட்டுப் பார்த்தாள். பதிவேட்டை, பாய்லரின் நிஜமான பதிவேட்டை, எடுத்துத் தன் பெயருக்கு நேரே கையெழுத்துப் போட்டாள்.

“அக்கா, அப்ப நான்?” என்றான் ரிலீவர்.

“நீ சாப்பிட்டியா?”

“இல்லக்கா.”

“டப்பாவுல சோறும் முட்டையும் இருக்கு. சாப்பிட்டுட்டு மழை விட்டதும் கிளம்பு.”

மேனேஜர் குடையோடு வாசலில் வந்து நின்றார். “என்னக்கா, ஆர்டர் போட்டாச்சே...”

“ஷிப்டு நடக்குது சார். வெளியாள் உள்ள வரணும்னா பேர் எழுதிட்டு வரணும்னு நீங்கதான் போர்டு வச்சீங்க.”

அவர் போர்டைப் பார்த்தார், அவளைப் பார்த்தார், அங்கேயே நின்றுகொண்டார். அந்த நேரத்துக்குத்தான் போன் அடித்தது. நர்ஸ் பேசினாள்.

“டாக்டர் பார்த்துட்டாங்கம்மா. போன தடவை ஒண்ணு புள்ளி ஒண்ணு, இப்ப ஒண்ணு புள்ளி ரெண்டு. ரெண்டு லேபுக்கும் கணக்கு முறை வேற, அவ்வளவுதான். இது பெரிய மாற்றமே இல்லைன்னாங்க. மத்த டெஸ்டும் நல்லா இருக்கு. நீங்க வேலை செய்யத் தகுதின்னு லெட்டர் தர்றாங்க, நாளைக்கு வந்து வாங்கிக்கங்க. அடுத்த தடவை எங்ககிட்டயே ரத்தம் கொடுங்க.”

போனை வைத்தபோது அவளுக்குச் சிரிப்பும் அழுகையும் ஒன்றாக வந்தன. ஒன்றையும் அடக்கவில்லை. மேனேஜர் சத்தமில்லாமல் சட்டைப் பையிலிருந்து மாமாவின் கடிதத்தை எடுத்து பெஞ்சில் வைத்துவிட்டுப் போனார்.

“புள்ளி ஒண்ணு ஏறியிருக்கு” என்றார் புருஷன்.

“ஏறியிருக்கு. நானும் கேட்டேன்.”

“நாளைக்கே நிஜமா பன்னிரண்டு வந்துட்டா?”

“வந்தா வைத்தியம் பார்ப்போம். டாக்டரம்மா இருக்காங்க, மருந்து இருக்கு. அன்னைக்கு அழலாம், ரெண்டு பேரும் சேந்து உக்காந்து அழலாம். அதுக்காக வராத நாளையெல்லாம் வந்த நாளா ஆக்கி வாழச் சொல்றீங்களா? ஆறு மாசமா என் மூஞ்சிய ஜன்னல்ல திருப்பித் திருப்பிப் பாக்குறீங்களே, ஒரு நாளாவது சும்மா பார்த்தீங்களா?”

அவர் பெஞ்சில் உட்கார்ந்து முகத்தைத் துண்டால் மூடிக்கொண்டார். தோள் குலுங்கியது. “நீ இல்லாட்டி ரெண்டு மணிக்கு நான் யார்கிட்டடி ஒப்படைச்சிட்டுப் போவேன்?” என்றார் துண்டுக்குள்ளிருந்து.

அவளுக்கு அந்தக் கேள்வி நெஞ்சில் தைத்தது. பக்கத்தில் உட்கார்ந்து அவர் முதுகைத் தட்டிக்கொடுத்தாள். கோபம் போகவில்லை, ஆனால் கோபத்துக்கு அடியில் அவர்மேல் இருந்த பிரியம் மேலே வந்துவிட்டது. ரிலீவர் முட்டையை வாயில் வைத்தபடி மெல்லாமல் உட்கார்ந்திருந்தான்.

“இனிமே என் பேப்பர நான்தான் வாங்குவேன், நான்தான் பிரிப்பேன்” என்றாள். “பிரிச்சதும் முதல்ல உங்ககிட்டத்தான் சொல்லுவேன். அது சத்தியம். அந்தப் பதிவேட்ட ஸ்டோர்ல திருப்பிக் கொடுத்திடுங்க.”

“எழுதின பக்கத்தக் கிழிச்சுட்டா எடுத்துப்பாங்க” என்றார் அவர், மூக்கை உறிஞ்சிக்கொண்டு.

டிக்கெட் புதுப்பிக்க வியாழக்கிழமைதான் கடைசி. அவருக்குக் காலை ஷிப்டு இருந்ததால், தனியாகப் போகவிட மாட்டேன் என்று நாத்தனார் கூடவே கிளம்பிவிட்டாள். பஸ்ஸில் முழுக்க ஓதிக்கொண்டு வந்தாள். “அண்ணி, படிவத்துல நோயப் பத்தி எழுதாதீங்க. எழுதினாலும் ஒரு வருஷத்துக்கு மட்டும் கேளுங்க. ஜாஸ்தியா கேட்டா அதையும் கொடுக்க மாட்டாங்க.” மேனேஜரும் அதையேதான் சொல்லியிருந்தார்.

அலுவலகத்தில் ஒழுகுகிற கூரைக்கடியில் வாளி வைத்திருந்தார்கள். மத்தியானச் சாப்பாட்டுக்கு முன்னால் வரிசையில் அவள்தான் கடைசி. படிவத்தில், ‘ஏதேனும் நோய் உண்டா?’ என்ற இடத்தில் டாக்டரம்மா எழுதிக் கொடுத்த நீளப் பெயரை ஒரு எழுத்து விடாமல் எழுதினாள். கட்டம் போதாமல் ஓரத்திலும் எழுதினாள். அடுத்த வரி, ‘எத்தனை ஆண்டுகளுக்கு உரிமம் வேண்டும்? ஒன்று, மூன்று, ஐந்து.’ அவள் ஐந்தைச் சுற்றி வட்டம் போட்டாள்.

அதிகாரி அறிக்கையைப் படித்தார், டாக்டர் கடிதத்தைப் படித்தார், கண்ணாடியைக் கழற்றினார்.

“ஏம்மா, இது கேன்சரா மாறலாம்னு டாக்டரே எழுதியிருக்காங்க. அப்புறம் அஞ்சு வருஷம் கேக்குறீங்க?”

“ஆமா சார்.”

“இந்த மாதிரி இருக்கிறவங்க ஒரு வருஷம்தான் கேப்பாங்க. ஒவ்வொரு வருஷமா பார்த்துக்கலாம்ல?”

“என் ரத்தத்த டாக்டர் பார்த்துட்டு இருக்காங்க சார், சொல்ற தேதிக்குத் தவறாம போறேன். ஆனா ஒவ்வொரு வருஷமா வாழச் சொன்னா என்னால முடியாது. நூறு பேர்ல வருஷத்துக்கு ஒருத்தருக்குத்தான் மாறுதாம். மிச்சம் இருக்கிறவங்களுக்கெல்லாம் வேலை வெட்டி வேணாமா? மாறினா அன்னைக்கே நானே வந்து இந்த டிக்கெட்ட உங்க மேசைல வச்சிட்டுப் போறேன். மாறாத நாளெல்லாம் என்னுது சார். அத நான் யாருக்கும் முன்கூட்டியே விட்டுக்கொடுக்க மாட்டேன்.”

அதிகாரி பேனாவை உருட்டினார். நாத்தனார் அவள் முழங்கையை இடித்தாள். ஒன்று என்று மாற்றச் சொல்லித்தான் இடிக்கிறாள் என்று நினைத்தாள் இவள். ஆனால் நாத்தனார் முன்னால் வந்து மேசையில் கையை ஊன்றினாள். ஆறு மாதமாக அடைத்து வைத்திருந்த தொண்டை திறந்துகொண்டது.

“சார், எங்க அண்ணி ஒன்பது வருஷத்துல லீவு போட்டது நாலே நாள். அதுவும் என் பிரசவத்துக்கு. விதியில அஞ்சு கொடுக்கலாம்னு இருக்கா இல்லையா?”

வரிசை கலைந்துவிட்ட அந்த அறையில், சாப்பாட்டு டப்பாவைத் திறந்துகொண்டிருந்த குமாஸ்தாக்கள் எல்லோரும் திரும்பிப் பார்த்தார்கள்.

“இருக்கும்மா. டாக்டர் தகுதின்னு எழுதிட்டா கொடுக்கலாம். அதுக்கு ஏன் கத்துறீங்க?”

“அப்ப கொடுங்க.”

அவர் இன்னொரு தடவை கடிதத்தைப் படித்தார். பிறகு கண்ணாடியை மாட்டிக்கொண்டு, முத்திரையைத் தேடி இழுப்பறையைத் திறந்து சாவகாசமாகத் துழாவினார். பாய்லரக்கா சுவர்க் கடிகாரத்தை நிமிர்ந்து பார்த்தாள். மணி ஒன்று பத்து.

“கொஞ்சம் சீக்கிரம் குத்துங்க சார்” என்றாள். “ரெண்டு மணிக்கு எனக்கு ஷிப்டு.”